வெள்ளைத் துணியும் இரண்டு கண்ணாடிகளும்



ஆண்டு மலருக்கு "ஏதாவது டெக்னிக்கலா எழுதுடா" என்று கேட்டார்கள். சினிமா பற்றி எழுதுகிறேன் என்றேன். "அது டெக்னிக்கலா?" என்று சிரித்தார்கள். லென்ஸ், மின்விளக்கு, மோட்டார், ரசாயனம், ஒலி... இத்தனையும் சேர்ந்தது டெக்னிக்கல் இல்லை என்றால் நாம் மூன்று வருஷமாக இங்கே படிப்பதுதான் என்ன?

விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் படம் பார்க்கிறவன். அப்பா மடியில் உட்கார்ந்து தியேட்டரில், பிறகு டி.வி.யில், டி.வி.டி.யில், இப்போது போனில். எந்த மொழி என்று பார்ப்பதில்லை. அதனால் ஹாஸ்டலில் அடிக்கடி நடக்கிற சண்டை ஒன்றில் என்னையும் இழுத்து விடுவார்கள். 'இந்தியாவிலேயே நல்ல படம் எது? அதை நல்ல படம்னு எப்படிச் சொல்றது?' ஒருவன் கதை என்பான். ஒருவன் ஹீரோ என்பான். மியூசிக் இல்லேன்னா எந்தப் படமும் ஓடாது என்பான் இன்னொருவன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

என் பதில் வேறு. ஒரு படத்தில் ரொம்ப முக்கியமான இடம் வரும்போது, அதை வாயால் சொல்லாமல் வெளிச்சத்திடமோ சத்தத்திடமோ ஒப்படைத்து விடுகிற தைரியம் இருக்கிறதா? இருந்தால் அது பெரிய படம். வசனம் எனக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். 'பராசக்தி' (1952) கோர்ட் சீனை மனப்பாடமாகச் சொல்லுகிற குடும்பம் எங்களுடையது! ஆனால் வசனத்தை நாடக மேடையும் கொடுக்கும், ரேடியோவும் கொடுக்கும். சினிமாவால் மட்டும் கொடுக்க முடிவது என்ன என்பதுதான் கேள்வி.

முதலில் வங்காளத்துக்குப் போவோம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி', 1955. "ஐயோ, ஆர்ட் பிலிமா... தூக்கம் வரும்டா மச்சான்" என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். ஒரே ஒரு சீன் சொல்கிறேன்.

ஏழைக் குடும்பம். வேலை தேடி வெளியூர் போன அப்பா ஹரிஹர் பல மாதம் கழித்து வீடு திரும்புகிறார். அவர் இல்லாத நேரத்தில் மகள் துர்கா மழையில் நனைந்து, காய்ச்சல் வந்து, ஒரு புயல் ராத்திரியில் இறந்து விட்டாள். அவருக்கு அது தெரியாது. வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். கடைசியில் துர்காவுக்கு வாங்கிய புடவையை மனைவியிடம் நீட்டுகிறார். அதுவரை கல்லாக இருந்த தாய் சர்வஜயா அந்தப் புடவையைப் பிடித்துக்கொண்டு உடைந்து போகிறாள். வாய் திறந்து கதறுகிறாள். ஆனால் அவளுடைய குரல் நமக்குக் கேட்காது! அந்த இடத்தில் கேட்பது ஒரு வாத்தியம், உச்ச ஸ்தாயியில்.

அந்த வாத்தியத்தின் பெயர் தார் ஷெனாய். பெயரைப் பார்த்து நாகஸ்வரம் மாதிரி ஊதுகிற சாமான் என்று எண்ண வேண்டாம். வில் போட்டு வாசிக்கிற தந்தி வாத்தியம், எஸ்ராஜ் வகை. தந்தியின் அதிர்வைப் பெரிதாக்க, பழைய கிராமபோனில் இருப்பது போல ஒரு சவுண்ட் பாக்ஸும் குழலும் பொருத்தியிருப்பார்கள். மின்சாரமே இல்லாத ஆம்பிளிபயர்! அதனால்தான் அந்த ஓசை மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வருகிறது; ஆனால் மனிதக் குரல் இல்லை. நடிகையின் அழுகையைக் கேட்டிருந்தால் 'பாவம், ஒரு அம்மா அழுகிறாள்' என்றுதான் இருந்திருக்கும். அதை எடுத்துவிட்டதால் அந்த அழுகையை நாமே நமக்குள் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இசை பண்டிட் ரவிசங்கர். பின்னணி இசையின் பெரும்பகுதியை ஒரே இரவில் உட்கார்ந்து முடித்தார்கள் என்பது இன்னொரு ஆச்சரியம்.

இந்தப் படத்தை எடுத்தவர்கள் யார்? ராய் விளம்பரக் கம்பெனியில் ஓவியர். அதற்கு முன் படம் எடுத்ததில்லை. கேமராமேன் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21. ழான் ரென்வார் என்ற பிரெஞ்சு இயக்குநர் வங்காளத்தில் 'தி ரிவர்' எடுத்தபோது ஓரமாக நின்று, லைட் எங்கே வைக்கிறார்கள் என்று நோட்டில் படம் போட்டுப் பழகியவர். அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை! பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்று நின்று, ராயின் மனைவி நகைகள் அடகுக்குப் போய், கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துத்தான் படம் முடிந்தது. ரயில் பார்க்கப் பிள்ளைகள் நாணல் பூக்களுக்கு நடுவே ஓடுகிற சீன் தெரியுமல்லவா? அதில் பாதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், அத்தனை பூவையும் மாடுகள் மேய்ந்துவிட்டன. மறுபடி பூக்கிற பருவம் வரைக்கும் காத்திருந்தார்கள். நம்ம லேபில் ஒரு ரீடிங் தப்பினால் பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதிவிடுகிறோம்!

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்த படத்தைப் பற்றி. 'அபராஜிதோ', 1956. குடும்பம் காசிக்குப் போகிறது. நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டி நிறுத்தினார். இங்கேதான் சிக்கல். முற்றத்து வீட்டுக்குள் வெயில் நேராக விழாது. மேலே தெரிகிற வானத்திலிருந்து வெளிச்சம் பரவலாக இறங்கும். ஆகவே கூர்மையான நிழல் இருக்காது. ஸ்டூடியோ விளக்கோ சின்னப் புள்ளியிலிருந்து வருகிறது. மூக்குக்கு ஒரு நிழல், தூணுக்கு ஒரு நிழல் என்று வெட்டி வெட்டி விழும். இதைச் செய்யவே முடியாது என்று மித்ரா முதலில் வாதாடினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை ஆட்களை நோக்கி வைக்காமல் அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி கீழே இறங்கியது. அவ்வளவுதான்!

தத்துவம் எளிமையானது. ஒளி தரும் பரப்பு சிறியதாக இருந்தால் நிழல் கூராக விழும். பரப்பு பெரிதானால் நிழல் மெத்தென்று கரைந்துவிடும். துணி முழுவதுமே ஒரு விளக்காகி, வானமாகிவிட்டது. இன்றைக்குக் கல்யாண போட்டோகிராபர் குடையில் அடிக்கிறாரே, தெர்மகோல் பிடிக்கச் சொல்லி ஒரு பையனை நிறுத்துகிறாரே, அதே வேலைதான். இத்தனையும் எதற்கு? அது செட் என்ற ஞாபகமே நமக்கு வரக்கூடாது என்பதற்காக. அந்த வீட்டில் அப்பா சாகும்போது நாம் விளக்கைப் பார்க்கவில்லை, மனிதனைப் பார்க்கிறோம்.

இனி பம்பாய். குரு தத்தின் 'காகஸ் கே பூல்', 1959. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். ஒளிப்பதிவு வி.கே.மூர்த்தி. நண்பர்களே, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்! இந்த மூர்த்தி மைசூர்க்காரர். பெங்களூர் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு டிப்ளமோ வாங்கியவர். ஆமாம், நம்மை மாதிரி டிப்ளமோ! 2008ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர். 'அர்த் சத்யா' (1983) எடுத்த கோவிந்த் நிஹலானியும் அதே பாலிடெக்னிக்தான். மூர்த்தியிடமே உதவியாளராக இருந்தவர். "டிப்ளமோதானே?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தப் பாராவை வெட்டி அனுப்புங்கள்.

படத்தில் ஒரு டைரக்டரும் அவர் அறிமுகப்படுத்திய நடிகையும் ஆளில்லாத ஸ்டூடியோவில் எதிரெதிரே நிற்கிறார்கள். காதல் இருக்கிறது, சேர வழியில்லை. இருவரும் வாயே திறப்பதில்லை. பாட்டுகூடப் பின்னணியில்தான் வருகிறது. இருவருக்கும் நடுவே மேலிருந்து ஒரு பெரிய ஒளிக்கற்றை சாய்வாக இறங்குகிறது. ஸ்டூடியோ விளக்கை வைத்தால் ஒளி விரிந்து போகும், இணையாக வராது. இணையான கதிரை இலவசமாகத் தருகிறவர் சூரியன் ஒருவர்தான். மூர்த்தி வெளியே ஒரு பெரிய கண்ணாடியை வைத்து வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்பி, உயரத்துப் பலகையில் இன்னொரு கண்ணாடியை வைத்துக் கீழே திருப்பிவிட்டார். காற்றில் தூசியோ புகையோ இருந்தால்தான் கற்றை கண்ணுக்குத் தெரியும். முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் டிண்டால் விளைவு என்று இரண்டு மார்க்குக்கு எழுதினோமே, அதுவேதான்!

படம் தோல்வி. குரு தத் அதற்குப் பிறகு தன் பெயரில் எந்தப் படத்தையும் இயக்கவில்லை. வசூலை வைத்து நல்ல படம் எது என்று முடிவு கட்டுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அதற்காக, ஓடின படமெல்லாம் மட்டம் என்று நான் சொன்னதாகக் கிளப்பி விடாதீர்கள். 'ஷோலே' (1975) ஓடிய ஓட்டம் ஊருக்கே தெரியும். கப்பர் சிங் வசனத்தைச் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் எனக்கு அந்தப் படத்தில் பெரிய இடம், விதவை ராதா மாடி வராந்தாவில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவதும், கீழே ஜெய் மவுத்ஆர்கன் வாசிப்பதும்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. அந்தி மயங்குகிற சில நிமிஷ வெளிச்சத்தில் மட்டுமே எடுக்கவேண்டும் என்பதால், அந்தச் சின்ன சீனுக்குப் பல நாள் சாயங்காலங்கள் செலவாயின. துப்பாக்கியும் குதிரையும் நிறைந்த மசாலாப் படம்! அதிலும் ஒரு டைரக்டர் இதற்காகக் காத்திருந்தார் பாருங்கள். என் கணக்கில் அதுவும் 'பதேர் பாஞ்சாலி' கட்சிதான்.

நம்ம தமிழில்? பட்டியல் போட ஆசைதான், இடம் போதாது. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) ஒன்று போதும். ஒளிப்பதிவு அசோக்குமார், இசை இளையராஜா. ஊரையே வதைத்த சுந்தரவடிவேலுவை ஊர்க்காரர்கள் ஆற்றங்கரைக்குக் கொண்டு வருகிறார்கள். சண்டைக் காட்சி கிடையாது, வெட்டுக்குத்து கிடையாது. இத்தனை நாள் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னை மாதிரி ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறான். கரையில் அவன் பிள்ளைகள் நிற்கின்றன. வில்லன் ஒழிந்தான் என்று கைதட்ட முடியாது. கைதட்டவிடாமல் செய்ததுதான் அந்தப் படத்தின் வெற்றி. வேறு ஒருவர் எடுத்திருந்தால் அங்கே பத்து நிமிஷம் வசனம் வந்திருக்கும்!

சரி, இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? ஹாஸ்டலில் நான் செய்வதைச் சொல்கிறேன். பிடித்த சீனை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். ரித்விக் கட்டக்கின் 'மேகே தாகா தாரா'வில் (1960) சாட்டையடிச் சத்தம் ஒன்று வரும். திரையில் சாட்டையும் இருக்காது, அடிக்கிறவனும் இருக்கமாட்டான். கதாநாயகி நீதா தான் ஏமாற்றப்பட்டதைத் தெரிந்துகொண்ட நேரம் அது. கண்ணை மூடிக் கேட்டால்தான் அந்த அடி எங்கே விழுகிறது என்று புரியும். போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் இந்தப் படங்களுக்கு விட்டுவிடுங்கள், ப்ளீஸ்.

பார்க்கக் கிடைப்பதே பெரிய விஷயம் என்பதையும் சொல்லவேண்டும். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். இன்று ஒரு பிரதி கூட இல்லை. 'பதேர் பாஞ்சாலி'க்கும் அதே கதி வர இருந்தது. 1993இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் ராய் படங்களின் மூல நெகடிவ்கள் எரிந்தும் கருகியும் போயின. குப்பை என்று வீசாமல் அமெரிக்காவில் ஒரு காப்பகம் அதை எடுத்து வைத்தது. பல வருஷம் கழித்து இத்தாலியின் பொலோனா நகர லேபில், காய்ந்து சுருண்ட பிலிமை ஈரப்படுத்திப் பதமாக்கி, பசையையும் மெழுகையும் அகற்றி, ஓரத் துளைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே சரிசெய்தார்கள். இப்படிக் கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை. 'பதேர் பாஞ்சாலி'யில் நூற்றுக்கு 40 பங்கும் 'அபராஜிதோ'வில் 60 பங்குக்கு மேலும் அந்த எரிந்த நெகடிவிலிருந்தே மீண்டன. மீதியை உலகில் வேறு இடங்களில் இருந்த பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015இல் படம் மறுபடி திரைக்கு வந்தது. கல்லூரி கம்ப்யூட்டரில் நான் பார்த்தது அந்தப் பிரதியைத்தான். அதில் வெள்ளைத் துணியின் வெளிச்சம் அப்படியே இருக்கிறது.