மடியில் 700 கிராம் கனம்: கைத்துப்பாக்கிக்கு உறையும் பெல்ட்டும் எப்படி இருக்கணும்?

'மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்' என்பார்கள். அந்தக் கனம் பணமாக இல்லாமல் துப்பாக்கியாக இருந்தால், பயம் சுமப்பவருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும்தான்.

சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், சட்டைக்குள் லைசென்ஸ் ரிவால்வரோடு ஒருவர் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படியேறும்போது ஒரு தடவை இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார். சீட்டில் உட்கார்ந்ததும் பிடி விலாவில் குத்துகிறது, நெளிகிறார். கண்டக்டரிடம் சில்லறை எடுக்கும்போது பெல்ட்டை மேலே இழுத்துவிடுகிறார். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், இவர் இடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எதிர் சீட்டுக்காரருக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

அவர் திருச்சுழியில் இறங்கியதும் என்ன செய்வார்? இடுப்பு வலிக்கிறதே என்று துப்பாக்கியைக் கழற்றி பைக் பெட்டியிலோ, கார் டேஷ்போர்டிலோ, தெரிந்தவர் கடை மேஜை டிராயரிலோ வைப்பார். ஆபத்து தொடங்குவது அங்கேதான். உறை வசதியாக இருக்கணும் என்று சொல்வது சொகுசுக்காக இல்லை. வசதியாக இருந்தால்தான் துப்பாக்கி இடுப்பை விட்டு இறங்காது.

உறை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2008 நவம்பரில் நியூயார்க்கில் ஓர் இரவு விடுதி. பிளாக்ஸிகோ பர்ரெஸ் என்ற பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர், உறையே இல்லாமல் 'கிளாக்' பிஸ்டலைத் தன் டிராக் பேன்ட் இடுப்பில் செருகியிருந்தார். அது நழுவிக் காலுக்குள் இறங்கியது. பிடிக்கப் போனபோது வெடித்து, குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. நியூயார்க்கில் செல்லும் லைசென்ஸும் அவரிடம் இல்லை. 2 ஆண்டு சிறைத் தண்டனை. விளையாட்டு வாழ்க்கையின் உச்சத்தில் இருந்தவருக்கு, எலாஸ்டிக் இடுப்புப்பட்டி வைத்த ஆப்பு அது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2024 அக்டோபர் 1 அதிகாலை, மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா தன் லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கை தவறி விழுந்து வெடித்தது. இடது காலில் குண்டு. அது உறையால் வந்த விபத்து இல்லை. ஆனால், குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் வைப்பதும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதற்கு அதுவே சாட்சி. அடிக்கடி கழற்ற வைக்கும் உறை, அந்த ஆபத்தை அடிக்கடி கூப்பிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

பலருக்குத் தெரியாத விஷயம், உறையைப் பற்றியும் சட்டத்தில் இருக்கிறது என்பதுதான். 2016 ஆயுத விதிகளின் 32-வது விதிப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் போட்டு உடலோடு இணைத்துக் கொண்டுபோகணும், அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்திருக்கணும். எதுவானாலும் துப்பாக்கி முழுக்க மூடியிருக்கணும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்கணும். கல்யாணம், திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகவே கூடாது. மீறினால் லைசென்ஸ் ரத்தாகும்.

ஆக, வேட்டி மடிப்பில் செருகுவதும், சட்டையை விலக்கிப் பிடியைக் காட்டுவதும் கெத்து இல்லை, விதிமீறல்.

முதலில் பெல்ட், பிறகுதான் உறை

உறைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, ஆபீஸ் பேன்ட்டுக்குப் போடும் மெல்லிய பெல்ட்டில் மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் சுமார் 700 கிராம். அதே இடத்தில் 2014-ல் வந்த 'நிர்பீக்' 500 கிராம். ஒரு ஸ்மார்ட்போன் சுமார் 200 கிராம் என்றால், மூன்றரை போனை இடுப்பின் ஒரே பக்கத்தில் தொங்கவிட்ட மாதிரி. மெல்லிய பெல்ட் அந்த இடத்தில் தொய்ந்து மடங்கும், துப்பாக்கி வெளிப்பக்கமாகச் சாயும். அதைச் சரிக்கட்ட பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை இறுக்குவோம். இடுப்பெலும்பு வலிக்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

நல்ல பெல்ட்டுக்கு அடையாளம் மூன்று:

• அகலம் சுமார் ஒன்றரை அங்குலம். பேன்ட்டின் பெல்ட் வளையத்திலும், உறையின் வளையத்திலும் இடைவெளி இல்லாமல் பொருந்தணும். அகல வளையத்தில் ஒல்லி பெல்ட் போட்டால் உறை ஊஞ்சல் ஆடும்.

• இரண்டு அடுக்குத் தோல் சேர்த்துத் தைத்தது, அல்லது உள்ளே விறைப்பான பட்டை வைத்தது. பெல்ட்டை இரண்டு கையிலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் வேண்டாம்.

• நடு ஓட்டையில் உங்கள் இடுப்புக்குச் சரியாக நிற்கணும். சாப்பிட்ட பிறகு ஒரு ஓட்டை தளர்த்தவும், தேவைப்பட்டால் இறுக்கவும் இடம் வேண்டுமே.

உறை வாங்கும்போது என்ன பார்க்கணும்?

இந்த ஊர்ப் பக்கம் பனையேறிகள் இடுப்பில் கட்டும் அருவாப் பெட்டியைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அரிவாளின் கூர் வெளியே தெரியாது. மரம் ஏறும்போது பெட்டி ஆடாது. கை போனதும் பிடி அகப்படும். துப்பாக்கி உறைக்கும் அதே மூன்றுதான் இலக்கணம்.

ஒன்று, டிரிகரும் அதைச் சுற்றிய வளையமும் முழுக்க மூடியிருக்கணும். விரலோ, சட்டை நுனியோ, சாவிக்கொத்தோ உள்ளே போக வழி இருக்கக் கூடாது. இரண்டு, உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்கணும். 'எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று விற்கும் உறை எதற்குமே சரியாகப் பொருந்தாது. மூன்று, துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்கணும். வாய் ஒட்டிக்கொண்டால், திரும்பச் செருகும்போது இன்னொரு கையால் விரிக்க வேண்டிவரும். அந்தக் கைக்கு நேராகக் குழல் இருக்கும்.

தோலா, பிளாஸ்டிக்கா, நைலானா?

நம்ம வெயிலில் இந்தக் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு.

தோல் உறை பழகப் பழக உடம்போடு ஒட்டி வரும், உறுத்தாது. ஆனால் வியர்வையை உறிஞ்சும், நாளாக ஆகத் தளரும். வாய் தொளதொளத்த பழைய தோல் உறை டிரிகருக்குள் மடிந்து சிக்கலாம், அப்போது மாற்றிவிடணும். தாவரப் பட்டையில் பதனிட்ட தோல், கெட்டியாக வடிவம் பிடித்து நிற்கும் என்பதால் உறைக்கு ஏற்றது. இந்தக் கரிசல் காட்டில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் அந்தக் காலத்தில் சென்னை மாகாணத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆதாரம். ஆங்கிலத்தில் அந்தச் செடிக்குப் பெயரே 'டேனர்ஸ் காசியா'.

'கைடெக்ஸ்' என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை வியர்வையை உறிஞ்சாது, கழுவித் துடைக்கலாம், வடிவம் மாறாது. ஆனால் விளிம்பு சருமத்தில் உரசும். பனியன் போட்டு அதன்மேல் மாட்டினால் தாங்கலாம். மத்தியான வெயிலில் மூடிய காருக்குள் போட்டுவைத்தால் நெளிந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

நைலான் உறை விலை குறைவு. ஆனால் பெரும்பாலும் வாய் நிற்காது, கரிசல் தூசி இழையில் அப்பிக்கொள்ளும். தினசரி உபயோகத்துக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும், உடம்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் ஒரு மடல் இருக்கிறதா என்று பாருங்கள். வியர்வை இரும்பில் படாது, இரும்பு இடுப்பில் குத்தாது.

இடுப்பில் எந்த இடம்?

இடுப்பைச் சுற்றி ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் 12 மணி, வலது இடுப்பெலும்பு 3 மணி, முதுகுத்தண்டு 6 மணி.

வலது கைப்பழக்கம் உள்ளவர்களில் பலருக்கும் 3 மணிக்குச் சற்றுப் பின்னால் வைப்பதுதான் ஒத்துவரும். எலும்பின் மேல் இல்லாமல், அதற்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உட்காரும். வயிற்றுக்கு முன்னால் வைத்தால் நிற்கும்போது சுகம், உட்கார்ந்தால் அடிவயிற்றில் குத்தும். நாள் முழுக்க கார் ஓட்டுபவர்கள் இடது முன்பக்கம் குறுக்காக வைப்பதும் உண்டு. 6 மணி மட்டும் கூடாது. பைக்கிலிருந்து மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டி இருக்கும்.

பேன்ட்டுக்கு உள்ளே போகும் உறை என்றால், இடுப்பளவு ஓர் அங்குலமாவது கூடுதலான பேன்ட் எடுக்கணும். பழைய பேன்ட்டிலேயே திணித்தால் எந்த உறையும் வலிக்கத்தான் செய்யும்.

வேட்டி கட்டுபவர்கள் என்ன செய்வது?

வேட்டிமேல் கட்டும் பச்சை பெல்ட்டைப் பலர் நம்புகிறார்கள். அது வேட்டியையும் பணத்தையும் காப்பாற்றும், முக்கால் கிலோ இரும்பைத் தாங்காது. வேட்டியில் பெல்ட் வளையம் கிடையாது, உறையின் கனம் எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இழுக்கும். தொளதொளப்பான சட்டைக்குள் மாட்டும் தோள்பட்டை உறை ஒரு வழி. குழல் தரையைப் பார்த்து நிற்கும் மாதிரி எடுத்தால், பின்னால் நிற்பவரை அது குறிபார்க்காது. அதுவும் சரிப்படாவிட்டால், துப்பாக்கி எடுக்கும் நாளில் பேன்ட் போடுவதுதான் நல்லது.

பைக்கில் போனால்?

காற்றில் சட்டை தூக்கும். வெளிப்பக்க உறை என்றால் பின்னால் வருபவருக்குப் பிடி பளிச்சென்று தெரியும். 'முழுக்க மூடியிருக்கணும்' என்ற விதி அங்கேயே அடிபட்டுவிடும். நீளமான, கனமான துணியில் சட்டை போடுங்கள், அல்லது உள்பக்க உறைக்கு மாறுங்கள். சீமைக்கருவேலங் காட்டுக்குள் நடப்பவர்களுக்குப் பட்டன் போட்ட வார் கட்டாயம். முள் சட்டையை இழுப்பதுபோல் துப்பாக்கியையும் இழுக்கும்.

போலீஸ் உறை ஏன் வேறு மாதிரி?

லைசென்ஸ்காரரின் கவலை மறைப்பது, போலீஸ்காரரின் கவலை பறிபோகாமல் காப்பது. 2024 செப்டம்பரில் அருப்புக்கோட்டையில் நடந்த மறியலில் பெண் டிஎஸ்பி ஒருவரைக் கூட்டத்தில் சிலர் முடியைப் பிடித்து இழுத்துத் தாக்கினார்கள். அது துப்பாக்கி பற்றிய சம்பவம் இல்லை. ஆனால் கூட்டத்துக்குள் எத்தனை கைகள் இடுப்புவரை வரும் என்பதை அந்த வீடியோ பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால்தான் கட்டைவிரலால் வாரைத் தள்ளினால் மட்டும் திறக்கும் உறையும், துப்பாக்கியைத் தோளோடு கட்டும் கயிறும்.

பெண் அதிகாரிகளுக்கு இன்னொரு சிக்கல். ஆண்களின் இடுப்புக்கு அளவெடுத்த உறையை மாட்டினால் பிடி விலாவில் முட்டும், குழல் தொடைப்பக்கம் தள்ளி நிற்கும். சற்றுக் கீழிறங்கி, வெளியே தள்ளி நிற்கும் உறை அவர்களுக்குத் தேவை. சகித்துக்கொள்ளச் சொல்வது தீர்வு இல்லை.

வாங்கியதும் என்ன செய்யணும்?

துப்பாக்கியில் ஒரு தோட்டாகூட இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வீட்டிலேயே இரண்டு மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். சம்மணம் போட்டு உட்காருங்கள், குத்தவையுங்கள், செருப்பு மாட்டக் குனியுங்கள், படியேறுங்கள். கை தானாக இடுப்புக்குப் போனால் ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம். உறையைத் தலைகீழாகப் பிடித்து, மெத்தைக்கு மேல் லேசாக ஆட்டுங்கள். காலித் துப்பாக்கி விழுந்தால் அந்த உறை வேண்டாம்.

வெளியூரில் கழிப்பறைக்குப் போகும்போது துப்பாக்கியை மட்டும் உருவித் தட்டில் வைக்காதீர்கள். உறையோடு கழற்றிக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மறந்து வந்துவிட்டு, திரும்பிப் போகும்போது அது அங்கே இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வியர்வையைத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் ஈரம் பிடித்துத் துரு ஏறும். உறையை நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு முழு நாள் வெளியே போய்வந்த பிறகு, எத்தனை தடவை இடுப்பைத் தொட்டோம், எத்தனை தடவை கழற்றி வைத்தோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தடவைகூட இல்லை என்றால் பெல்ட்டும் உறையும் சரியாக அமைந்துவிட்டது. எண்ணிக்கை நினைவில் நிற்காத அளவுக்கு இருந்தால், மாற்ற வேண்டியது உறையைத்தான், துப்பாக்கி வைக்கும் இடத்தை இல்லை.