தானாகத் திறக்கும் உலாவி

மாத்தளை மாவட்டத்தின் வடபாலுள்ள சிகிரியாக் குன்றின் அடிவாரத்தே, கி.பி. 5 ஆம் நூற்றாண்டிற் காசியப்ப மன்னன் அமைத்த நீர்த்தோட்டம் உண்டு. மாரிக்காலத்தில் அங்குள்ள நீரூற்றுக்கள் சில இன்றும் நீரை மேனோக்கி வீசுகின்றன. காண்போர்க்கு அவை தாமே எழுவனபோலத் தோன்றும். உயர்ந்த இடத்தே தேங்கிய நீர் நிலத்தடி வழியாக இறங்கிவந்து, துளையிட்ட கற்பலகையினூடே அழுத்தத்தால் வெளிப்படுதலே உண்மைக் காரணமாகும்.

அம்மாவட்டத்துப் பாடசாலைக் கணினிக்கூடங்களில் மாணவர் காணும் ஒரு நிகழ்ச்சியும் இத்தகையதே. கடவுச்சொல்லை இட்டுக் கணினியினுட் புகுந்தவுடன், ஒருவரும் அழையாமலே இணைய உலாவி திறந்துகொள்கின்றது. மூடினால் மூடும்; மறுநாள் மீண்டும் திறக்கும். இதனைச் சிறு தொல்லையெனத் தள்ளுதல் பொருந்தாது. ஒரே பயனர்கணக்கைப் பலர் பகிரும் கூடத்தில், முன்னவர் வாசித்த கடிதமும் நிரப்பிய விண்ணப்பமும் பின்னவர் கண்முன் விரிதல் கூடும். அளவிட்டு வாங்கிய இணையத்தரவும் வீணே செலவாகும்.

உலாவி தானாகத் திறப்பதில்லை. திறக்குமாறு ஏதோ ஓரிடத்திற் கட்டளை பதிந்துள்ளது. அவ்விடம் உலாவிக்கு உள்ளேயே இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஆகலின், உலாவியை நீக்கி மீள நிறுவுதல் பெரும்பாலும் வீண்முயற்சியாய் முடிகின்றது. முதலில் நோக்கத்தக்கது, திறக்கும் பக்கம் யாது என்பதே.

வெறும் முகப்புப்பக்கம் தோன்றுமாயின், தொடக்கப் பட்டியலில் உலாவியின் பெயர் இடம்பெற்றுள்ளதெனக் கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மனேஜர்' தோன்றும். அதன் 'ஸ்டார்ட்டப்' பகுதியில் அப்பெயரைச் செயலிழக்கச் செய்தல் போதும். பயர்பொக்ஸ் உலாவியோ, கணினி தொடங்கும்போது தானும் திறப்பதற்கான தெரிவைத் தன் அமைப்புக்களிலேயே வைத்துள்ளது. அதனையும் பார்த்தல் நன்று. எட்ஜ் உலாவி 2021 ஆம் ஆண்டிற் பெற்ற 'ஸ்டார்ட்டப் பூஸ்ட்' என்னும் வசதியைச் சிலர் இதற்குக் காரணமாகக் கூறுவர். அது பொருந்தாது. அவ்வசதி உலாவியை மறைவில் ஆயத்தமாக வைக்குமேயன்றிச் சாளரத்தைத் திறப்பதில்லை.

முன்னாள் விட்ட பக்கங்களே மீண்டும் வருமாயின், காரணம் வேறு. 2017 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 இன் புதுப்பிப்பு, கணினியை நிறுத்தும்போது திறந்திருந்த செயலிகளுட் சிலவற்றை மறுமுறை தானே திறக்கும் வழக்கத்தைக் கொணர்ந்தது. பயனரின் வசதி கருதிச் செய்யப்பட்டதாயினும், கேளாது செய்த உபகாரமாகவே பலர்க்கு அது அமைந்தது. 2020 ஆம் ஆண்டின் புதுப்பிப்பிலேயே இதனை நிறுத்துதற்குத் தனியாளி தரப்பட்டது. அமைப்புக்களிற் 'கணக்குகள்' என்பதன்கீழ், உள்நுழைவுத் தெரிவுகளிடையே அதனைக் காணலாம். மாக் கணினியிலும் 2011 ஆம் ஆண்டு முதல் இதனையொத்த ஏற்பாடு உண்டு. நிறுத்தும்போது தோன்றும் வினாப்பெட்டியிலேயே அதனை மறுத்துவிடலாம். காரணம் இதுதானா என்று துணிதற்கு எளிய சோதனையொன்று போதும். உலாவியை முற்றாக மூடியபின் கணினியை நிறுத்துக. மறுமுறை அது திறவாதாயின், ஐயம் தீர்ந்தது.

மைக்ரோசொப்ட்டின் செய்திப்பக்கமோ, வலையமைப்பொன்றின் அனுமதிப்பக்கமோ தோன்றுவதும் உண்டு. இணையத்தொடர்பு கிடைத்துள்ளதா என அறிய விண்டோஸ் ஒரு சோதனைப்பக்கத்தை நாடுகின்றது. விடுதி முதலிய பொதுவிடங்களின் வலையமைப்பு அதனை இடைமறிக்குமாயின், பயனர் அனுமதி பெறவேண்டுமென உணர்ந்து உலாவியைத் திறக்கின்றது. இங்கு நீக்கவேண்டிய பிழை யாதுமில்லை.

அறியாத விளம்பரப்பக்கம் தோன்றுவதே அஞ்சத்தக்கது. இலவசமாகப் பெற்ற மென்பொருளுடன் ஒட்டிவந்த வேண்டா நிரலொன்று, பக்கமுகவரியை மட்டும் கட்டளையாக எழுதி வைத்திருக்கும். உலாவியின் பெயர் அதில் இராது. முகவரியைப் பெற்ற விண்டோஸ், அக்கணினியில் இயல்புநிலையாகக் குறிக்கப்பட்ட உலாவியிடம் அதனை ஒப்படைக்கும். ஆதலின், குரோமை விடுத்துப் பயர்பொக்ஸை இயல்புநிலையாக்கினால், பயர்பொக்ஸ் அதே விளம்பரத்துடன் திறக்கும்! தொடக்கப் பட்டியலிலும் இது கட்டளைச்சாளரத்தின் பெயரில் ஒளிந்திருக்கும். பட்டியலின் தலைப்பை வலப்பொத்தானால் அழுத்திக் 'கொமாண்ட் லைன்' என்னும் நிரலைத் தெரிந்தால், மறைந்த முகவரி வெளிப்படும். அங்கும் இல்லையெனின் 'டாஸ்க் ஷெடியூலர்' என்னும் பணியட்டவணையில், உள்நுழையும்போது நிகழுமாறு குறித்த பணிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவை செய்யும் செயல் யாதென நோக்குதல் வேண்டும். இவ்விடங்கள் அனைத்தையும் ஒருங்கே காட்டும் 'ஓட்டோரன்ஸ்' என்னும் கருவியை மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்குகின்றது. ஐயுற்றதை உடனே அழித்துவிடாது, முதலிற் செயலிழக்கச் செய்து, வெளியேறி மீண்டும் நுழைந்து பார்த்தலே முறை. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது காரணமென்பது புலப்படாது. கட்டளையை நிறுத்தியபின், அதனை எழுதிய நிரலையும் தேடி அகற்றி, வைரசுத் தடுப்பு மென்பொருளால் கணினியைச் சோதித்தல் வேண்டும். இன்றேல் நிரல் அதனை மீண்டும் எழுதிவிடும்.

நூலகங்களிற் பட்டியலைக் காட்டும் பொருட்டும், பயிற்சிநிலையங்களிற் பாடத்தைக் காட்டும் பொருட்டும், அனைவர்க்கும் பொதுவான தொடக்க உறையில் உலாவியை வேண்டுமென்றே வைப்பாரும் உளர். அதனை மாற்றுதற்குப் பொறுப்பாளரின் கடவுச்சொல் வேண்டும். ஆகலின், பொதுக்கணினியிற் கைவைக்குமுன், அக்கட்டளையை அவரே இட்டாரா என வினவுதல் வேண்டும்.