விருப்ப வரிசை

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான சில வாரங்களுள் நம் நாட்டு மாணாக்கர் மற்றொரு பரீட்சைக்கு முகங்கொடுக்கின்றனர். அதற்கு வினாத்தாளும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலே, தாம் கற்க விரும்பும் நெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப ஒழுங்கில் நிரற்படுத்துவதே அப்பரீட்சை. மூன்று பாடங்களுக்காக ஈராண்டு உழைத்த பிள்ளை, வாழ்வின் போக்கைத் தீர்மானிக்கும் இவ்வரிசையை ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடித்துவிடுவதை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றே இருந்த காலத்தில் இத்தகைய வரிசைக்குத் தேவை இருக்கவில்லை. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமும், 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமும் அமைந்தன. வாயில்கள் பலவாயின, எவ்வாயிலை முதலிற் தட்டுவது என்ற வினாவும் உடன்பிறந்தது.

தெரிவு நடைபெறும் முறையை முதலில் அறிதல் வேண்டும். மாணவர் பெற்ற புள்ளியை அப்பாடத்தின் சராசரியோடும் புள்ளிகளின் பரம்பலோடும் ஒப்பிட்டு இசட் புள்ளி கணிக்கப்படுகின்றது. பெரும்பாலான நெறிகளில் நூற்றுக்கு 40 வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வரையானவை மாவட்டக் குடித்தொகை அடிப்படையிலும், 5 வரையானவை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. விண்ணப்பிக்கும் வேளையில் தம் இசட் புள்ளி மாணவர் கையில் இருக்கும். அவ்வாண்டின் வெட்டுப்புள்ளியோ எவர் கையிலும் இராது. கடைசியாக உள்ளே சென்றவரின் புள்ளியே பின்னர் வெட்டுப்புள்ளி எனப் பெயர் பெறுகின்றது. ஆதலின், சென்ற ஆண்டுக் கணக்கு வழிகாட்டுமேயன்றி வாக்குறுதி தராது.

இனி, வரிசை மேலிருந்து கீழாகவே நோக்கப்படும். தகுதி எட்டிய முதல் வரியிலே தெரிவு நின்றுவிடும். முதல் வரி கிட்டாமையால் இரண்டாம் வரிக்குரிய வாய்ப்புக் குறைவதில்லை. இவ்வுண்மையை உணராமையால் விளையும் இடர்கள் பல.

தமிழிலே நல்ல புலமை பெற்ற மாணவி ஒருத்தியை அறிவேன். ஊரார் மெச்சும் நெறிகளை உறவினர் முதல் நான்கு வரிகளில் எழுதுவித்தனர். அவள் உள்ளம் நாடியது ஐந்தாவதாயிற்று. மூன்றாவது கிடைத்தது. ஐந்தாம் வரியை நோக்கவேண்டிய தேவையே எழவில்லை. இன்னொரு மாணவன், எட்டாத கொம்புக்கு ஏன் ஆசை என்றஞ்சி, விரும்பியதைக் கீழேயும் எளிதிற் கிட்டுவதை மேலேயும் வைத்தான். வெட்டுப்புள்ளிகள் வெளியானபோது, விரும்பியதற்கே தன் புள்ளி போதுமாயிருந்தது என்று கண்டான். மூன்றாமவன் மூன்று வரிகளோடு நிறுத்தினான், மூன்றும் கைகூடவில்லை. முதலிரு வரிசைகளையும் கெடுத்தவை புகழாசையும் அச்சமும். மூன்றாவதைக் கெடுத்தது சோம்பல்.

ஆகவே யான் மாணாக்கர்க்குக் கூறுவது இதுவே: வரிசையின் ஒழுங்கை விருப்பம் தீர்மானிக்கட்டும்; அதன் நீளத்தை விவேகம் தீர்மானிக்கட்டும். சென்ற ஆண்டுப் புள்ளியை நோக்கும்போது சற்று எட்டாதன, ஒத்தன, எளிதிற் கிட்டுவன ஆகிய மூவகையும் அதில் அமைதல் வேண்டும். தமிழைச் சிறப்பாகக் கற்க விழைவோர்க்குப் பேராதனை மட்டுமன்றி யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களும் உள. உயிரியற் பிரிவினர், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுவதை மறத்தலாகாது. இசை, நடனம் போன்றவற்றுக்கு விண்ணப்பத்தில் எழுதினால் மட்டும் போதாது. செயன்முறைப் பரீட்சை அல்லது உளச்சார்புப் பரீட்சைக்கான அறிவித்தலையும் கவனித்தல் வேண்டும். தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வேறு. கைந்நூலை முழுவதும் படியாது பேனாவை எடுத்தல் தகாது.

கடைசி வரியைப் பற்றியும் ஒரு சொல். கிடைத்தாற் செல்லமாட்டோம் என்று கருதும் நெறியை அங்கே எழுதுதல் ஆகாது. கிடைத்தபின் கலங்குவதிற் பயனில்லை. தூரம், விடுதி, வீட்டின் பொருள்நிலை யாவற்றையும் எண்ணி, அங்கேயும் மனமொப்பிக் கற்பேன் என்று சொல்லத்தக்கதையே எழுதுக.

இலக்கண உரையாசிரியர், ஒரு சூத்திரம் மற்றொன்றன்பின் வைக்கப்பட்டதற்குக் காரணம் யாதென வினவி விடை காண்பர். மாணாக்கரும் தம் வரிசையின் ஒவ்வொரு வரியிலும் அவ்வாறே வினவுதல் நன்று. ‘இஃது ஏன் அதற்கு முன் நின்றது?’ என்பதற்கு ‘மாமா சொன்னார்’ என்பதே விடையாயின், அவ்வரியை அழித்துத் திரும்ப எழுதுக. பெற்றோர் அருகிருந்து கேட்கட்டும். பேனா பிள்ளையின் கையில் இருக்கட்டும்.