சூழல்வழிப் பொருள் அறிதல்

சூழல்வழிப் பொருள் அறிதல் என்பது, படிக்கும்போது எதிர்ப்படும் புதிய சொல்லின் பொருளை முன்பின் உள்ள சொற்களைக் கொண்டு உணரும் முறையாகும்.

இலக்கண அடிப்படை

பல பொருள் குறித்த ஒரு சொல்லின் பொருள் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிவாகும் என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். ‘மா’ என்பது மரத்தையும் குதிரையையும் குறிக்கும். ‘மா காய்த்தது’ என்பதில் வினையும், ‘மாவும் பலாவும் நட்டனர்’ என்பதில் இனமும் மரத்தைக் காட்டுகின்றன. போருக்குப் புறப்படும் வீரன் ‘மாவைக் கொண்டு வா’ என்றால், சார்பினால் அது குதிரை. முன்பு அறியாத சொற்களுக்கும் இவ்வழி உதவும்.

புதுச்சேரி எடுத்துக்காட்டுகள்

‘வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டுவரி கட்டினார்’ என்ற தொடரில் ‘கொம்யூன்’ பிரெஞ்சுச் சொல். வெளியூர் மாணவரும், அருகிலுள்ள ‘பஞ்சாயத்து’, ‘வரி’ என்னும் சொற்களால் அது உள்ளாட்சிப் பகுதி என்று உணரலாம்.

9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. ‘ஸ்தானம்’ என்பதைத் ‘தானம்’ என்று கொண்டால், வித்யாஸ்தானமே கொடை என்று பிழைபடும். ‘வித்யாஸ்தானத்துக்கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபு, அது கொடையைப் பெற்ற இடம் என்று காட்டுகிறது. ஆகவே அது கல்வி நிலையம். உருபைக் கவனியாமல் படித்தால், பாகூரில் பழங்காலத்தில் கல்வி நிலையம் இருந்த செய்தியே மறைந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

ஊகித்த பொருளை அச்சொல்லின் இடத்தில் வைத்துத் தொடரை மீண்டும் படிக்க வேண்டும். பொருந்தாவிட்டாலோ ஐயம் இருந்தாலோ அகராதியைப் பார்ப்பதே முறை.