பனி பெய்யாத ஊரிலும் பனிக்கட்டி ஓடுபாதை

குளிர்நாடுகளில் சிறிய விமானங்கள் ஓடுபாதையை விட்டு எழும்போது நேரும் விபத்துகளுக்குச் சக்கரம் வழுக்குவதே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், அதைவிடக் கொடியவை இரண்டு உண்டு: எழுவதற்கு வேண்டிய வேகம் வந்து சேராமை ஒன்று, வேகம் வந்த பின்னும் இறக்கை விமானத்தைத் தூக்காமை மற்றொன்று.

முதலாவதற்கு 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நடந்த விபத்தே பெருஞ்சான்று. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியினர் உட்பட 44 பேருடன் மூன்றாம் முறையாக எழ முயன்ற இரட்டை எஞ்சின் விமானம், 117 நாட் வேகத்தை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) எட்டிய பின், ஓடுபாதையின் கடைப்பகுதியில் கிடந்த பனிக்கூழில், அதாவது பாதி உருகி நீருடன் குழைந்த பனியில் இறங்கியதால், 112 நாட்டுக்கும் பிறகு 105 நாட்டுக்கும் வேகம் குறைந்து, வேலியை உடைத்துக்கொண்டு வெளியேறியது. மழைநாளில் அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையில் தேங்கிய நீருக்குள் இருசக்கர வாகனத்தைச் செலுத்துபவர் உணரும் பின்னிழுப்பும் இத்தகையதே. அவ்விபத்தில் 23 பேர் மாண்டனர். இறக்கையில் படிந்த பனியை அகற்றவில்லை என்று ஜெர்மானிய விசாரணையாளர்கள் விமானி ஜேம்ஸ் தெய்ன் மீது பழி சுமத்தினர். பனிக்கூழே காரணம் என்று பிரிட்டிஷ் விசாரணை 1969இல்தான் அவரை விடுவித்தது. ஒரு மனிதரின் தொழில்வாழ்வு முற்றிலும் அழிந்த பிறகு கிடைத்த அந்த நீதியை நீதி என்று சொல்வதே கடினம்.

இரண்டாவது வகை, தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பீலி தீவில் 2004 ஜனவரி 17 அன்று நிகழ்ந்தது. இறக்கையில் பனி படிந்த நிலையில், அனுமதிக்கப்பட்ட எடையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் சுமையோடு எழுந்த செஸ்னா கேரவன் விமானம் உறைந்த ஏரியில் விழ, அதிலிருந்த பத்துப் பேரும் இறந்தனர். உப்புத்தாளின் சொரசொரப்பு அளவுக்குப் பனி படிந்தாலே, இறக்கையின் மேல் காற்று ஒழுங்காக வழிந்தோடுவது கெட்டு, விமானத்தை மேலே தாங்கும் தூக்குவிசை பெரிதும் குறைந்துவிடும்.

பனி பெய்யாத சென்னைக்கு இவற்றோடு தொடர்பில்லை என்று எண்ணுவது தவறு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2021 நவம்பர் 4 முதல் நடைமுறைப்படுத்திய அளவுகோலில், உலர்ந்த ஓடுபாதைக்கு 6 என்றும், பனிக்கட்டி படர்ந்ததற்கு 1 என்றும், அதுவும் ஈரமாக இருந்தால் 0 என்றும் எண் தரப்படுகிறது. 3 மில்லிமீட்டருக்கு மேல் நீர் தேங்கிய ஓடுபாதைக்கு உரிய எண் 2. வடகிழக்குப் பருவமழையின் நீர்த்தேக்கம் பனிக்கட்டியிலிருந்து ஒரே ஒரு படிதான் விலகியுள்ளது. டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து டயரைத் தூக்கிவிட்டால், பிரேக்கும் திருப்பமும் பயனற்றுப் போகின்றன. டயரில் காற்றழுத்தம் குறையக் குறைய இது குறைந்த வேகத்திலேயே நேரும். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்துக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 48 நாட், அதாவது எழுவதற்குச் சற்று முன்புள்ள வேகம். புறப்பாட்டைக் கைவிட்டு நிறுத்த வேண்டிய கட்டமும் பெரும்பாலும் அதுவே.

2015 டிசம்பர் முதல் நாளில், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டபோது, மீனம்பாக்கம் ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கி விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் ரயில்பாதையிலுள்ள அரக்கோணத்தின் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதை மூழ்கியது. மூழ்கிய ஓடுபாதையை எவரும் மூடிவிடுவர். அபாயம் மிகுவது, மூடத் தேவையில்லை என்று தோன்றுகிற சில மில்லிமீட்டர் நீரில்தான். ஆகவே, மழைநாளில் ஓடுபாதையை அளந்து முடிக்கும்வரை விமானம் புறப்படாமல் காத்திருந்தால், பயணிகள் விமானியை அவசரப்படுத்தாமல் இருப்பார்களாக.