பொருத்திலா வளையம்

மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் பூட்டுவதை நம்மிற் பலர் கண்டிருப்பர். கொல்லன் நீண்ட பட்டையை வளைத்து, நுனிகளைக் காய்ச்சி ஒட்டி, மீண்டும் தழலிலிட்டுச் சில்லில் மாட்டுவான். ஆறியதும் அது இறுகப் பற்றும். தொடக்ககாலப் புகைவண்டிச் சில்லுகளின் பட்டங்களும் அவ்வாறு ஒட்டப்பட்டவையே. ஆயின், விரைவும் பாரமும் மிக, ஒட்டிய இடமே முறியும் இடமாயிற்று. பொருத்தில்லாத வளையத்தை ஆக்குவது எங்ஙனம்?

1850களின் தொடக்கத்தில் செருமனியரான அல்பிரட் குருப் இதற்கு விடை கண்டார். உருக்குக் கட்டியொன்றின் நடுவைப் பிளந்து, பிளவை அகட்டி வளையமாக்கி, உருளைகளிடையே உருட்டிப் பெருக்கினார். 1875இல் அவரது நிறுவனம் ஏற்ற இலச்சினையின் மூன்று வளையங்கள் இப்பட்டங்களையே குறிப்பன.

இன்று, செந்தழலாய்க் காய்ந்த உருக்கை அமுக்கித் தட்டையாக்கி, நடுவில் துளையிடுவர். துளையினூடே ஓர் உருளை. புறத்தே சுழலும் பேருருளை. இரண்டும் நெருங்க, வளையத்தின் தடிப்புக் குறையும்; கனவளவு மாறாதாகையால் விட்டம் பெருகும். உயரம் மாறாதிருக்க, 10 சதமமீற்றர்த் தடிப்பு 5 ஆகக் குறைந்தால், 50 சதமமீற்றர்ச் சராசரி விட்டம் 100 ஆகும். உலோகத்தின் நார்போன்ற அமைப்பும் வட்டத்தைத் தொடர்ந்தே ஓடுவதால் வலிமை மிகும்.

கணக்கு எளிது, உலோகத்தின் ஓட்டமோ எளிதன்று. ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அமுக்கினால், புறப்பரப்புகள் மட்டும் இளகி நடுப்பகுதி அசையாதிருக்கும். மிகுதியாக அமுக்கினால் உருளை வளையத்தை இழுக்கமாட்டாது நழுவும். இவ்வீரெல்லைகளுக்கிடையே செல்லும் வழியைக் காண்பதே ஆய்வின் நோக்கம். 1968இல் யோன்சன், நீதம் ஆகியோர் வளைய உருட்டற் பரிசோதனைகளை வெளியிட்டனர். பின்னர்க் கணினி இப்பணியை மேற்கொண்டது. எனினும், உருளை தொடும் இடமோ சிறிது, சுற்றுகளோ பல, ஆதலாற் கணிப்பும் நெடிது.

பொருத்தின்மை ஒன்றே காப்பாகுமா? 1998 யூன் 3ஆம் நாள், செருமனியின் எசெடெ என்னுமிடத்தில், மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் விரைவில் வந்த புகைவண்டியொன்றின் சில்லுப்பட்டம் முறிந்து 101 பேர் மாண்டனர். ஓட்டத்தில் இடையறாது நெளிந்த அப்பட்டத்தின் உட்பரப்பில், கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பொன்று சிறுகச் சிறுக வளர்ந்திருந்தது. அது ஒட்டின் குறையன்று. உலோகம் களைத்த களைப்பு.

முன்னோர் அஞ்சிய பொருத்தை உருளை நீக்கியது. புறத்தே தோன்றாத குறையை நீக்க, ஆக்கும்போதும் ஆக்கியபின்னும் உலோகத்தின் அகத்தை அறிதல் வேண்டும். ஆய்வின் கடன் அதுவே.