தோற்றாலும் நினைத்ததைச் சாதித்த கட்சி

1996 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள இப்ஸ்விச் நகர நாளிதழில் வாசகர் கடிதம் ஒன்று வெளியானது. பூர்வகுடிகளுக்கு அரசு அளவுக்கு மீறிச் சலுகை காட்டுகிறது என்பது அதன் சாரம். எழுதியவர் அந்த ஊரில் மீன் வறுவல் கடை வைத்திருந்த பாலின் ஹான்சன். ஆக்ஸ்லி தொகுதிக்கு அவரை வேட்பாளராக அறிவித்திருந்த லிபரல் கட்சி, சர்ச்சை கிளம்பியதும் கைகழுவியது. அதற்குள் வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது. அவர் பெயரோடு லிபரல் என்ற பெயரும் அப்படியே நின்றது. தொழிற்கட்சியின் கோட்டையான அந்தத் தொகுதியில் மார்ச் மாதம் ஹான்சன் ஜெயித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் பிறந்தது ‘ஒன் நேஷன்’ கட்சி.

எல்லாருக்கும் ஒரே சட்டம், யாருக்கும் தனி உரிமை கூடாது என்பதுதான் அதன் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் வெள்ளையர் வந்து இறங்கியபோது அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் யாருமே இல்லை என்பதுதான் 1992 வரை அந்நாட்டுச் சட்டத்தின் நிலைப்பாடு. பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கே 1967இல் ஒரு பொதுவாக்கெடுப்பு தேவைப்பட்டது. நிலத்தையும் பிடுங்கி, தலைக்கணக்கிலும் சேர்க்காமல் விட்டவர்களிடம் இன்றிலிருந்து எல்லாரும் சமம் என்று சொன்னால், பிடுங்கியது பிடுங்கியவர்களிடமே தங்கிவிடும். இன்றும் மக்கள்தொகையில் சுமார் 4 சதவீதமே உள்ள அவர்கள், சிறைக் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களின் சராசரி ஆயுளும் மற்றவர்களைவிடச் சுமார் எட்டு ஆண்டு குறைவு.

கட்சி வளர்ந்த விதம் புரிய வேண்டுமானால் நில வழக்குகளைப் பார்க்க வேண்டும். டோரஸ் நீரிணையின் மர்ரே தீவைச் சேர்ந்த எடி மாபோ தொடுத்த வழக்கில், பூர்வகுடிகளுக்குப் பாரம்பரிய நில உரிமை உண்டு என்று 1992 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். அடுத்து வந்தது கேப் யார்க் பகுதி விக் மக்களின் வழக்கு. அரசு பண்ணையாளர்களுக்குக் குத்தகைக்கு விட்ட மேய்ச்சல் நிலத்திலும் பாரம்பரிய உரிமை நீடிக்கலாம் என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இரண்டுக்கும் முரண்பாடு எழுந்தால் பண்ணையாளரின் உரிமையே செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பட்டா நிலத்துக்கும் வீட்டுமனைக்கும் ஆபத்தே இல்லை. தனியாருக்கு முழு உரிமையாக வழங்கிவிட்ட நிலத்தில் பாரம்பரிய உரிமை அழிந்துவிடும்.

இந்த விவரம் பலரை எட்டவில்லை, பயம்தான் எட்டியது. அதை ஒன் நேஷன் மட்டுமே பரப்பவில்லை. பிரதமர் ஜான் ஹோவர்டே 1997இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் நாட்டின் வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, 78 சதவீத நிலத்தில் பூர்வகுடிகளுக்குத் தடுக்கும் அதிகாரம் வந்துவிடக்கூடும் என்றார். 1998 ஜூனில் குயின்ஸ்லாந்து சட்டமன்றத் தேர்தலில் ஒன் நேஷன் சுமார் 23 சதவீத வாக்குகளோடு 89இல் 11 இடங்களைப் பிடித்தது. பாரம்பரிய உரிமையைக் குறுக்கும் ஹோவர்டின் திருத்த மசோதா அப்போது செனட்டில் முட்டிக்கொண்டு நின்றது. மசோதா முடங்கி, அதனால் இனத்தை வைத்து ஒரு பொதுத்தேர்தல் நடந்தால் நாடு தாங்காது என்று அஞ்சிய சுயேச்சை செனட்டர் பிரையன் ஹாரடைன் சமரசத்துக்கு வந்தார். ஜூலையில் திருத்தம் நிறைவேறியது. செனட்டில் ஒரு இடம்கூட இல்லாத கட்சியைக் கண்டு வந்த பயம் அது.

அதே ஆண்டு அக்டோபரில் நடந்த பொதுத்தேர்தலில் ஹான்சன் தோற்றார். பிளேர் தொகுதியில் 36 சதவீத முதல் விருப்ப வாக்குகளோடு முன்னணியில் இருந்தவர் அவர்தான். வாக்காளர்கள் வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையில், பெரிய கட்சிகள் அவரைக் கடைசியில் வைக்கச் சொன்னதால், 22 சதவீதம்கூட எட்டாமல் மூன்றாவதாக நின்ற லிபரல் வேட்பாளர் ஜெயித்துவிட்டார்.

ஆனால் கோரிக்கைகள் தோற்கவில்லை. பூர்வகுடிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தேசிய ஆணையத்தைக் கலைக்க வேண்டும் என்று ஹான்சன் 1996இல் தன் கன்னிப்பேச்சில் கேட்டார். அதன் தலைமை மீது புகார்கள் இருந்தது உண்மை. புகார்களை விசாரிப்பதோடு நிறுத்தாமல் ஆணையத்தையே 2005இல் கலைத்தார்கள். தொழிற்கட்சியும் அதற்கு உடன்பட்டது.

2016இல் செனட்டராகத் திரும்பி வந்த ஹான்சன், 2023 அக்டோபர் 14 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பிலும் அதே வாதத்தை முன்வைத்தார். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை மட்டும் சொல்லும் பூர்வகுடி அவை ஒன்றை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்பதே கேள்வி. எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்கள் எதிர்க்கட்சியினர். ஜசிந்தா பிரைஸ் போன்ற பூர்வகுடித் தலைவர்களும் அதில் இருந்தார்கள். இனத்தால் நாட்டைப் பிரிக்கிறார்கள் என்ற முழக்கமோ ஒன் நேஷன் கால் நூற்றாண்டாகச் சொல்லிவந்தது. சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் நிராகரித்தன.

அதற்குப் பின் குயின்ஸ்லாந்தில் நடந்ததை வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. பூர்வகுடிகளுடன் உடன்படிக்கை செய்துகொள்ள வழிசெய்யும் சட்டத்துக்கு 2023 மே மாதம் அங்கே எதிர்க்கட்சியாக இருந்த லிபரல் நேஷனல் கட்சியும் ஆதரவாக வாக்களித்திருந்தது. பொதுவாக்கெடுப்பு முடிவு வந்த சில நாட்களிலேயே ஆதரவை விலக்கிக்கொண்டது. 2024இல் ஆட்சிக்கு வந்ததும் அந்தச் சட்டத்தையே நீக்கியது. பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்ய அந்த ஜூலையில் பணியைத் தொடங்கிய விசாரணைக் குழுவும் நவம்பரில் கலைக்கப்பட்டது.